டிஸ்டர்ப்டின் ‘டென் தவுசண்ட் ஃபிஸ்ட்ஸ்’: மரபு மெட்டலா, மேல்பூச்சா?

இரட்டைமிதி:

டிஸ்டர்ப்ட் என்றால் பலருக்கும் 2000-இல் வந்த முதல் ஆல்பமான ‘தி சிக்னஸ்’ மட்டும்தான். அந்த ‘ஊ-வா-ஆ-ஆ-ஆ’ சத்தத்தோடு குழுவையே மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. நான் பேச வந்தது 2005 செப்டம்பரில் வெளியான அவர்களுடைய மூன்றாவது ஆல்பம், ‘டென் தவுசண்ட் ஃபிஸ்ட்ஸ்’. இந்தச் சிகாகோக் குழு செய்ததில் இதுதான் சிறந்தது என்பேன். நூ மெட்டலை விட்டு மரபான ஹெவி மெட்டலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தது இதில்தான்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 90-களின் கடைசியில் கிளம்பிய நூ மெட்டல் அலையில் கிதார் சோலோவுக்கு, அதாவது கிதார் முன்னால் வந்து தனியாக வாசிக்கும் பகுதிக்கு, மரியாதையே இல்லை. கம்பியைத் தளர்த்தி, ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கை, டிரம்ஸ் மாதிரி வெட்டி வெட்டி அடிக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் எலெக்ட்ரானிக் சத்தம். ‘தி சிக்னஸ்’ அப்படித்தான் இருக்கும். சோலோவால் பேர் வாங்கிய மெட்டாலிகாவே 2003-இல் ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பத்தில் ஒரு சோலோகூட வைக்கவில்லை. இரண்டே வருடம் கழித்து டிஸ்டர்ப்டின் கிதார் கலைஞர் டான் டோனெகன் எதிர்த்திசையில் நடக்கிறார். ‘ஸ்ட்ரிக்கன்’ பாட்டின் சோலோவை ஒருமுறை கேளுங்கள். ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த ஒரு குழு, அந்த நேரத்தில் அதைச் செய்யத் துணிச்சல் வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். பாடகர் டேவிட் ட்ரேமனின் குரல் முதல் நாளிலிருந்தே மரபு மெட்டலுக்குரிய குரல்தான். கிதார்தான் ஐந்து வருடம் தாமதமாக வந்து அதோடு சேர்ந்தது.

பழைய கேசட்:

தம்பி, ரசித்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சோலோ வைத்தால் மரபு மெட்டல் ஆகிவிடுமா? ஜூடாஸ் ப்ரீஸ்ட், அயர்ன் மெய்டன் என்ற பழைய பிரிட்டிஷ் மெட்டல் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர்களிடம் நான் தேடுவது பாட்டின் பயணம். மெய்டன் 1982-இல் போட்ட ‘ஹாலோட் பி தை நேம்’ ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். மெதுவாக, மணியோசையோடு தொடங்கும். வேகம் மாறும், ரிஃப் மாறும், இரண்டு கிதாரும் கைகோத்துக்கொண்டு ஓடும். தொடங்கிய இடம் ஒன்று, முடியும் இடம் வேறொன்று.

இந்த ஆல்பத்தில் மொத்தம் 14 பாட்டு. பெரும்பாலானவை ஒரே வரைபடம். சரணம், கோரஸ், மறுபடி சரணம், கோரஸ், ஒரு திருப்பம், அப்புறம் கடைசி கோரஸ். திருப்பத்துக்குப் பக்கத்தில் சோலோவுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். சோலோவைத் தூக்கிவிட்டாலும் பாட்டு அப்படியே நிற்கும். அதனால்தான் மேல்பூச்சு என்கிறேன்.

அப்புறம், குழுவில் கிதார் ஒன்றுதான். மரபு மெட்டலின் உயிரே இரட்டைக் கிதார். ஸ்டூடியோவில் ஒருவரே இரண்டு மூன்று தடவை வாசித்து அடுக்கலாம். மேடையில் சோலோ தொடங்கியதும் கீழே ரிஃப் காணாமல் போகுமே?

நாலாம் கம்பி:

கேசட் அண்ணா, இதில் மட்டும் நான் குறுக்கே வருவேன். ஒற்றைக் கிதார் மரபு இல்லை என்றால் பிளாக் சபாத்தை எங்கே வைப்பீர்கள்? எல்லாம் தொடங்கியதே அங்கேதான். டோனி அயோமி சோலோ வாசிக்கும்போது கீழே கீசர் பட்லரின் பேஸ் கிதார் சும்மா நிற்பதில்லை, தனியாக ஒரு பாட்டே வாசித்துக்கொண்டிருக்கும். பான்டெராவிலும் ஒரே கிதார்தான். டைம்பேக் டேரல் சோலோவுக்குப் போனால் ரெக்ஸ் பிரவுனின் பேஸும் டிரம்ஸும்தான் தரையைத் தாங்கிப் பிடிக்கும். இரட்டைக் கிதார் மெய்டன், ப்ரீஸ்ட் வழி. அது மரபின் ஒரு கிளை.

நான் பேஸ் வாசிப்பவன் என்பதால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு ஆல்பங்களில் பேஸ் வாசித்தவர் ஸ்டீவ் கிமாக். அவர் 2003-இல் வெளியேறிவிட்டார். இந்த ஆல்பத்துக்கு ‘தி யூனியன் அண்டர்கிரவுண்ட்’ குழுவிலிருந்து ஜான் மோயர் வந்தார். சோலோவைத் தாங்குவதற்குக் கீழே ஒரு ஆள் வேண்டும். என் காதுக்கு மோயரின் பேஸ் இறுக்கமாக, ரிஃப்பை விட்டு விலகாமல், ஆனால் தேவைப்படும் இடத்தில் அகலமாக நிற்கிறது. ஆல்பம் முந்தியதைவிடக் கனமாகக் கேட்பதற்கு அந்த அடித்தளமும் ஒரு காரணம். எல்லோரும் கிதாரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய கேசட்:

சபாத்தைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள். இரட்டைக் கிதார் வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் பாட்டின் அமைப்பைப் பற்றிச் சொன்னதை விடவில்லை.

உச்சஸ்தாயி:

குரல் பற்றி இரட்டைமிதி சொன்னதில் பாதிதான் சரி. பாட்டு கற்றுக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ட்ரேமன் சிறுவயதில் யூத வழிபாட்டுப் பாடகராகப் பயிற்சி பெற்றவர். நீளமான சுரத்தை அசையாமல் பிடித்து, முடிவில் சின்னதாக வளைக்கும் பழக்கம் அவரிடம் உண்டு. அது அங்கிருந்து வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் ‘தி சிக்னஸ்’ ஆல்பத்தில் அந்தக் குரலைத் தேடிப் பாருங்கள், அங்கங்கேதான் கிடைக்கும். அதில் அவர் பெரும்பாலும் சொற்களை உடைக்கிறார். வல்லின எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்து அடிப்பது மாதிரி, ஒவ்வொரு அசைக்கும் ஒரு குத்து. அங்கே குரல் ஒரு தாளக்கருவி. அது நூ மெட்டல் குரல்தான், அதில் தப்பும் இல்லை.

மாற்றம் வந்தது 2002-இல் ‘பிலீவ்’ ஆல்பத்தில். அங்கேதான் அவர் வாயைத் திறந்து பாடத் தொடங்கினார். கடைசிப் பாட்டான ‘டார்க்னஸ்’ அக்கவுஸ்டிக் கிதாரும் செல்லோவும் வரும் மென்மையான பாட்டு. ஆக, குரல் 2002-இல் மாறியது, கிதார் 2005-இல் மாறியது. தாமதம் ஐந்து வருடம் இல்லை, மூன்று வருடம். இது வெறும் கணக்கு இல்லை. ‘பிலீவ்’ ஆல்பத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு மூன்றாவது ஆல்பத்தைப் பேச முடியாது. மெட்டுக்கு இடம் கொடுக்க அவர்கள் கற்றது அங்கேதான். அதற்குப் பிறகு பழைய முரட்டுத்தனத்தை மறுபடி அதன்மேல் ஏற்றினார்கள்.

ஒரு விஷயத்தில் கேசட் அண்ணன் பக்கம் சாய்கிறேன். ப்ரீஸ்டின் ராப் ஹால்ஃபோர்ட், மெய்டனின் புரூஸ் டிக்கின்சன் மாதிரி ட்ரேமன் உச்சத்துக்குப் போவதில்லை. நடு ஸ்தாயியில் நின்று அழுத்துகிறவர்.

இரட்டைமிதி:

உச்சஸ்தாயி அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ‘பிலீவ்’ ஆல்பத்தை நான் தாண்டிக் குதித்தது உண்மைதான். பாடகர் தயாராகிவிட்டார், குழு பின்னால் வந்தது என்று மாற்றிச் சொல்கிறேன்.

கேசட் அண்ணனுக்கு என்னிடம் ஒரு பரிசோதனை இருக்கிறது. இந்தக் குழு இரண்டு முறை எண்பதுகளின் பிரிட்டிஷ் பாப் பாட்டை எடுத்துத் திரும்ப வாசித்திருக்கிறது. முதல் ஆல்பத்தில் டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸின் 1984 பாட்டான ‘ஷவுட்’. அதற்கு ‘ஷவுட் 2000’ என்று பேர் வைத்தார்கள். மூன்றாவது ஆல்பத்தில் ஜெனசிஸின் 1986 பாட்டான ‘லேண்ட் ஆஃப் கன்ஃப்யூஷன்’. அதே கிதார், அதே டிரம்ஸ், அதே பாடகர், அதே தயாரிப்பாளர் ஜானி கே. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

‘ஷவுட் 2000’ பாட்டில் மூல மெட்டை நொறுக்கி, துண்டு துண்டாக ரிஃப்பின் இடைவெளிகளில் திணித்திருப்பார்கள். கேட்கச் சுகமாக இருக்கும், ஆனால் மெட்டு அங்கே பணயக்கைதி. ‘லேண்ட் ஆஃப் கன்ஃப்யூஷன்’ பாட்டில் மெட்டைத் தொடவே இல்லை. ஜெனசிஸின் சின்தசைசர் இருந்த இடத்தில் கிதார் ரிஃப் வந்து உட்கார்ந்து ஓடுகிறது, அதன்மேல் ட்ரேமன் முழுக்குரலில் நேராகப் பாடுகிறார். மெட்டும் ரிஃப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுவதுதானே மரபு மெட்டல்? ஐந்து வருடத்தில் ஒரு குழு எங்கிருந்து எங்கே போனது என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

டிரம்ஸ் வாசிப்பவனாகவும் இதை உணர்கிறேன். முதல் ஆல்பத்தைப் போட்டுக் குழுவின் டிரம்மர் மைக் வெங்ரனோடு சேர்ந்து வாசிக்கும்போது கை நின்று நின்று போகும். ‘லேண்ட் ஆஃப் கன்ஃப்யூஷன்’ பாட்டுக்கு உட்கார்ந்தால் நிற்கவே தோன்றாது.

பழைய கேசட்:

நேற்று ராத்திரி நீங்கள் சொன்னபடியே இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். வித்தியாசம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ‘ஷவுட் 2000’ எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. ‘லேண்ட் ஆஃப் கன்ஃப்யூஷன்’ ஒழுங்காகச் செய்யப்பட்ட மெட்டல் பாட்டு.

ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தப் பாட்டின் மெட்டும் அமைப்பும் யாருடையது? ஜெனசிஸுடையது. மற்றவர் எழுதிய நல்ல மெட்டு கிடைத்தபோது அவர்கள் மெட்டல் குழுவாக நிற்கிறார்கள். சொந்தப் பாட்டுகளில்? ‘சன்ஸ் ஆஃப் பிளண்டர்’ என்று ஒரு பாட்டு இதில் இருக்கிறது. எல்லாக் குழுவும் ஒரே மாதிரி ஒலிக்கிறது, ஒருவரைப் பார்த்து ஒருவர் திருடுகிறார்கள் என்று திட்டுகிற பாட்டு. அதைப் பாடும் ஆல்பத்திலேயே ‘ஜஸ்ட் ஸ்டாப்’, ‘கார்டட்’ என்று வரிசையாக வரும் பாட்டுகளின் ரிஃப்பை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

இன்னொன்று. ஆல்பத்தின் பேரே கச்சேரியில் தூக்கப்படும் பத்தாயிரம் கைகளை நினைத்து வைத்தது. முதல் பாட்டின் கோரஸும் அதற்காகவே கட்டியது. மைதானத்தை மனதில் வைத்து எழுதினால் பாட்டு எளிமையாகத்தான் வரும். வந்தவுடன் அமெரிக்க ஆல்பத் தரவரிசையான பில்போர்டில் முதலிடம் பிடித்தது. ‘பிலீவ்’ ஆல்பமும் பிடித்தது, அடுத்ததும் பிடித்தது. வெற்றியைக் குறை சொல்லவில்லை. துணிச்சல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நாலாம் கம்பி:

கூட்டத்துக்காக எழுதுவது மரபுக்கு எதிரானதா அண்ணா? ப்ரீஸ்ட் 1980-இல் போட்ட ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ ஆல்பத்தில் ‘யுனைட்டட்’ என்று ஒரு பாட்டு உண்டு. கூட்டம் சேர்ந்து பாடுவதற்கென்றே எழுதிய மாதிரி இருக்கும். ‘லிவிங் ஆஃப்டர் மிட்நைட்’ ரேடியோவுக்குப் பொருந்துகிற பாட்டு. அந்த ஆல்பத்தை மரபில்லை என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள். கையைத் தூக்க வைக்கும் கோரஸ் மெட்டலின் பழைய சொத்து.

ரிஃப்கள் ஒன்றுபோல இருக்கின்றன என்றீர்களே, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 14 பாட்டில் மூன்றை எடுத்திருந்தால் ஆல்பம் இன்னும் உயர்ந்திருக்கும். 2008-இல் வந்த ‘இன்டிஸ்ட்ரக்டிபிள்’ 12 பாட்டோடு நிறுத்திக்கொண்டது. ஜானி கே இல்லாமல் டோனெகன் தாமே தயாரித்தார். நிறமும் இருண்டுவிட்டது, சோலோவும் கூடிவிட்டது. எது அதிக ஹெவி என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் 2005 இல்லாமல் 2008 இல்லை.

புதுசெவி:

நான் 2015-இல் வந்த ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ மூலமாக இந்தக் குழுவுக்கு வந்தவன். மெட்டலே புதிது. நீங்கள் பேசுவதைப் படித்துவிட்டு ‘டென் தவுசண்ட் ஃபிஸ்ட்ஸ்’ முழுசாகக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நடுவில் சில பாட்டுகள் கலந்துபோயின. ஆனால் ‘ஸ்ட்ரிக்கன்’ சோலோ வந்தபோது நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். ‘ஓவர்பர்டன்ட்’ பற்றி ஏன் யாருமே பேசவில்லை?

உச்சஸ்தாயி:

நல்ல கேள்வி தம்பி. எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தது அதுதான். செத்துப்போனவன் நரகத்தின் வாசலில் நிற்கிறான். உள்ளே இடமில்லை, அங்கேயும் வரிசையில் காத்திருக்க வேண்டும். இதுதான் பாட்டு. கிட்டத்தட்ட ஆறு நிமிடம், ஆல்பத்திலேயே நீளமானது. ட்ரேமன் அதில் கத்துவதை விட்டுவிட்டு அந்த ஆளின் களைப்பைப் பாடுகிறார். கேசட் அண்ணா, நீங்கள் கேட்ட ‘பயணம்’ அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பழைய கேசட்:

அந்தப் பாட்டு வரை நான் போனதே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பே நிறுத்திவிடுவேன். இப்போது இரண்டு முறை கேட்டுவிட்டு வருகிறேன். அவசரமே இல்லாத பாட்டு. சோலோவைத் தூக்கினாலும் பாட்டு நிற்கும் என்று சொன்னேனே, இங்கே அது செல்லாது. அவன் வரிசையில் நின்று நின்று வாய் ஓய்ந்த இடத்தில்தான் கிதார் பேச ஆரம்பிக்கிறது. அதை எடுத்தால் நடுவில் குழி விழும்.

மற்ற 13 பாட்டுக்கும் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

இரட்டைமிதி:

‘ஸ்ட்ரிக்கன்’ பாட்டுமா அண்ணா? இன்று ராத்திரி அதையும் இரண்டு முறை கேளுங்கள். நாளைக்கு வந்து சண்டை போடலாம்.