பவர் பத்திரம் இருந்தால் போதுமா? அப்பா நினைவிழந்தால் யார் கையெழுத்துப் போடுவது?

காவிரிக்கரை:
அப்பாவுக்கு 76 வயது. லேசான பக்கவாதம் வந்து இப்போது தேறிவிட்டார். பேச்சும் நினைவும் தெளிவாக இருக்கின்றன. கும்பகோணத்து வீடு, வங்கி டெபாசிட், பென்ஷன் கணக்கு எல்லாம் அவர் ஒருவர் பெயரில்தான். அம்மா இருக்கிறார். நான் சென்னையில், தம்பி துபாயில். அடுத்த முறை பெரிதாக வந்து படுத்துவிட்டால் என்ன செய்வது? "அவர் சார்பில் நீ கையெழுத்துப் போட ஒரு பொது அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதி வாங்கிவிடு, கவலை விட்டது" என்கிறார் மாமா. அது போதுமா?

மண்வாசனை:
தாராளமாகப் போதும் தங்கச்சி. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். பதிவு செய்த பவர் கையில் இருந்தால் வங்கி, மின்வாரியம், வீட்டு வரி எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் வீட்டை இப்போதே உங்கள் பெயருக்கும் தம்பி பெயருக்கும் மாற்றி செட்டில்மெண்ட் எழுதச் சொல்லிவிடுங்கள். பிற்பாடு ஒரு சிக்கலும் வராது.

சட்டம்படித்தவள்:
மண்வாசனை அண்ணா, இது ஆபத்தான ஆலோசனை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துவிடும். எதற்காக எழுதி வைக்கிறார்களோ, அந்த நாள் வரும்போது அது வெறும் காகிதம். அப்பா தெளிவாக இருந்து, நடக்கத்தான் முடியவில்லை என்றால் பவர் உதவும். கோமாவிலோ மறதி நோயிலோ உதவாது.

நாமினியும் அப்படித்தான். நாமினிக்கு உரிமை வருவது கணக்குதாரர் இறந்த பிறகு. உயிலும் இறப்புக்குப் பிறகுதான் பேசும். உயிரோடு இருந்து நினைவில்லாத அந்த நடுக்காலத்துக்கு இவை எதுவும் உதவாது.

மண்வாசனை:
ஏட்டில் அப்படி இருக்கலாம். நடைமுறையில் பவர் ஏஜென்ட் கிரயம் எழுதும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டர் சான்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். எத்தனையோ பத்திரம் அப்படிப் பதிவாகிறது. ரத்து செய்ய முடியாத பவர் என்றே ஒன்று இருக்கிறதே?

சட்டம்படித்தவள்:
அந்தச் சான்று உயிரோடு இருக்கிறார் என்று மட்டும்தான் சொல்கிறது. புத்தி தெளிவாக இருக்கிறது என்று சொல்வதில்லை. பதிவாகிவிடும், சரி. பத்து வருடம் கழித்துப் பங்காளி ஒருவர் ஆஸ்பத்திரிக் குறிப்பை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனால் வாங்கியவர் கதி என்ன? நீங்கள் சொல்லும் ரத்தாகாத பவர் 202ஆம் பிரிவு. ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் சொந்த உரிமை இருந்தால்தான் அது பொருந்தும். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள் என்பதற்காகப் பொருந்தாது.

திண்ணை:
எனக்கு 71 வயது. படிக்கப் படிக்க மனது வலிக்கிறது. பவரா, செட்டில்மெண்ட்டா, எது செல்லும் என்று பேசுகிறீர்கள். அந்தப் பெரியவருக்கு இதில் விருப்பமா என்று யாராவது கேட்டீர்களா?

என் அண்ணனுக்கு மறதி நோய் ஆரம்பித்த சமயம். பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் கட்டை விரலை மைப்பெட்டியில் அழுத்தி, பக்கம் பக்கமாக வைத்தான். அண்ணன் என்னைப் பார்த்து, "சம்பளம் வந்துடுச்சாடா?" என்று கேட்டார். அவர் மில்லில் வேலை பார்த்தவர். ஆறு மாதத்தில் வீடு கைமாறியது. அண்ணியும் அவரும் வாடகை வீட்டுக்குப் போனார்கள். அதனால்தான் சொல்கிறேன், முன்கூட்டிப் பத்திரம் தயாரிப்பது பிள்ளைகளின் வசதிக்கு. பெரியவர்களுக்கு அதில் பாதுகாப்பு இல்லை.

காவிரிக்கரை:
ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றுமே எழுதத் தோன்றவில்லை. நான் அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை, உண்மை. ஆனால் கேட்கவே கூடாது என்கிறீர்களா?

சட்டம்படித்தவள்:
ஐயா, உங்கள் அண்ணனுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அது நடந்தது அவர் தெளிவாக இருந்தபோது ஒன்றும் எழுதாமல் விட்டதால். முன்கூட்டி எழுதுவதற்கும் நினைவு தப்பிய பின் விரலைப் பிடித்து அழுத்துவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். சென்னையில் ஒருவர் கோமாவில் விழுந்தார். வைத்தியச் செலவுக்கு அவர் பெயரில் இருந்த ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள சொத்தை விற்க வேண்டும். மனைவிக்கே உரிமை இல்லை. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி, சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில், 2024 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. விற்ற பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் நிரந்தர வைப்பில் போட்டு, வட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னது. கணவர் கட்டிலில், மனைவி நீதிமன்றப் படியில். நேரடிச் சட்டம் இல்லாததால்தான் இந்த அலைச்சல். 1987 மனநலச் சட்டத்தில் சொத்துக்கு மேலாளர் நியமிக்க வழி இருந்தது. 2017இல் வந்த புதிய சட்டத்தில் அது இல்லை.

சிங்கைவாசி:
இங்கே சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி நீடித்த அதிகாரப் பத்திரம் உண்டு. மனத்திறன் இழந்த பிறகுதான் அது உயிர் பெறும். உங்கள் பவருக்கு நேர் எதிர். திண்ணை ஐயா பயப்படும் விஷயத்துக்கும் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ, எழுதிக் கொடுப்பவர் புரிந்துதான் எழுதுகிறாரா, யாராவது நெருக்குகிறார்களா என்று விசாரித்துச் சான்று தர வேண்டும். பிறகு பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

திண்ணை:
அப்படி ஒரு தடுப்பு இங்கேயும் இருந்தால் நானே முதலில் எழுதுவேன் தம்பி. இல்லையே.

செவிலி:
தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எல்லோரும் சொத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. வென்டிலேட்டரை எடுக்கலாமா வேண்டாமா என்று அண்ணன் தம்பி வராந்தாவில் சட்டையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர் போனில் "எல்லாம் பண்ணுங்க" என்பார். பக்கத்தில் இருந்து மூத்திரப் பை மாற்றுகிறவர் "போதும் சிஸ்டர்" என்று அழுவார். நோயாளி என்ன நினைத்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

இந்த நிலை வராமலிருக்க, தெளிவாக இருக்கும்போதே மருத்துவ உயில் எழுதலாம். நினைவிழந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைப்பதுதான் அது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது, அதனால் எழுதுவது பெரும்பாடாக இருந்தது. 2023 ஜனவரியில் எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று போதும். தன் சார்பில் முடிவு சொல்ல யார் என்று ஒருவருக்கு மேலும் பெயர் எழுதலாம். மனம் மாறினால் திரும்பப் பெறலாம்.

திண்ணை:
அம்மா, பெற்றவருக்கு வைத்தியத்தை நிறுத்து என்று எழுதி வாங்குவது என்ன தர்மம்? செலவுக்குப் பயந்த பிள்ளைக்கு அது நல்ல சாக்கு.

செவிலி:
பிள்ளை நினைத்தால் மட்டும் நிறுத்த முடியாது ஐயா. மீள வழியில்லை என்று சிகிச்சை தரும் மருத்துவரும் இரண்டு நிபுணர்களும் சொல்ல வேண்டும். பிறகு இரண்டாவது குழு ஒன்றும் ஒப்ப வேண்டும், அதில் மாவட்ட தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இருப்பார். சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் இந்தக் குழு அமைவது சிரமம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "கடைசி வரை முயற்சி செய்யுங்கள்" என்று எழுதவும் உங்களுக்கு உரிமை உண்டு. அது உங்கள் குரல், பிள்ளையுடையது அல்ல.

திண்ணை:
முயற்சி செய்யச் சொல்லியும் எழுதலாம் என்பது எனக்குப் புதிது. அதை யோசிக்கிறேன். செட்டில்மெண்ட் விஷயத்தில் மட்டும் இறங்கி வர மாட்டேன். உயிரோடு இருக்கும்போது வீட்டை எழுதிக் கொடுக்கவே கூடாது.

சட்டம்படித்தவள்:
அதில் நான் ஐயா பக்கம். எழுதியே ஆக வேண்டும் என்றால், பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிக்காவிட்டால் 2007 முதியோர் சட்டம் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ரத்து கேட்கலாம். நிபந்தனையை எழுதாமல் விட்டால் வழக்கு இழுக்கும்.

காவிரிக்கரை, முதலில் வங்கிக்குப் போங்கள். பென்ஷன் கணக்கிலும் டெபாசிட்களிலும் அம்மாவைச் சேருங்கள். "எய்தர் ஆர் சர்வைவர்" (இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்) என்று இருக்க வேண்டும். "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்று போட்டால் அப்பா இருக்கும்வரை அம்மா ஒரு ரூபாய் எடுக்க முடியாது. டெபாசிட்களில் முதிர்வுக்கு முன் எடுக்கும் அனுமதியையும் இருவர் கையெழுத்தோடு இப்போதே கொடுத்து வையுங்கள். அப்புறம் மருத்துவ உயில், சொத்து உயில். உயில் எழுதும் அன்று, தெளிவாக இருக்கிறார் என்று அவருடைய டாக்டரிடம் தேதியிட்டுச் சான்று வாங்குங்கள். முடிந்தால் டாக்டரே ஒரு சாட்சியாக இருக்கட்டும்.

மண்வாசனை:
சரி, பவர் மட்டும் போதாது என்பதை ஏற்கிறேன். ஆனால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நடமாட முடியாமல் போனால் அதுதான் கைகொடுக்கும். வீட்டை விற்கும் அதிகாரத்தை விட்டுவிட்டு, வங்கி, வரி, வாடகை என்று வேலையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அப்பாவால் அலுவலகம் வர முடியாவிட்டால் மனு கொடுத்து சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. தம்பியையும் வீடியோவில் சேர்த்துக்கொண்டு அப்பாவிடம் பேசப் போகிறேன்.

திண்ணை:
பேசுங்கள் அம்மா. ஆனால் அதற்கு முன் நீங்கள் யாரும் இல்லாமல், டாக்டரோ அவருடைய சிநேகிதரோ அவரிடம் தனியாகக் கேட்கட்டும். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் நாங்கள் "உங்க இஷ்டம்" என்றுதான் சொல்வோம். உங்கள் அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள். இத்தனை பேர் எழுதியதில் அவருடைய விருப்பம் என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை.