மொரீஷியஸ் நீரிழிவுக் கணக்கெடுப்பில் நான் கண்டதும் அதன் பின் படித்துத் தெரிந்துகொண்டதும்

மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்ற அனுபவத்தைப் பலரும் இங்கே எழுதிவருவதால் நானும் எழுதுகிறேன். 1987-ஆம் ஆண்டு மொரீஷியஸில் நீரிழிவையும் இதய நோயையும் பற்றி நடந்த கணக்கெடுப்பில் எங்கள் பகுதியும் தேர்வாகியிருந்தது. இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல் காலையில் வெறும் வயிற்றோடு போனோம். முதலில் ஒரு முறை இரத்தம் எடுத்தார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, மறுபடியும் எடுத்தார்கள். அந்தத் தித்திப்பு தொண்டையை விட்டு இறங்க வெகுநேரமாயிற்று.

தேர்வாகாத பக்கத்து ஊரில் இருந்த என் சித்தப்பாவும் அன்று பட்டினியோடு வந்து வரிசையில் நின்றார். அடிக்கடி தாகமெடுப்பதாகவும் தம்மையும் சோதிக்க வேண்டும் என்றும் கேட்டார். அங்கிருந்த செவிலியர் பொறுமையாக விளக்கினார்: "ஐயா, நோய் இருக்குமோ என்று பயப்படுகிறவர்கள்தான் தாமாக வருவார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணினால், நாட்டில் உள்ளதைவிட அதிகமாக நோய் இருப்பதாகக் கணக்கு காட்டும். நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளுங்கள்." சித்தப்பாவுக்கு மனம் ஆறவில்லை. எனக்கோ அந்தச் சில வாக்கியங்கள் ஒரு பாடமாகவே அமைந்தன. யாரை எண்ணுகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாத ஆய்வில், எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அதை நான் நம்பத் தயங்குவேன்.

அதே ஆண்டில்தான் ரேஷன் எண்ணெயும் மாறியது. அதுவரை பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததை நிறுத்திவிட்டு, அரசு சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது. 1992-இல் மறுபடியும் கணக்கெடுத்தபோது, மக்களின் சராசரிக் கொலஸ்டிரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-ஆகக் குறைந்திருந்தது. ஆயினும் எண்ணெய்தான் காரணம் என்று அப்போதே அடித்துச் சொல்லிவிட முடியாது. அந்த ஐந்து ஆண்டுகளில் சுகாதாரப் பிரசாரமும் நடந்தது, புகைபிடிப்பவர்களும் குறைந்தார்கள். மாற்றம் நாடு முழுவதற்கும் பொதுவாக நேர்ந்ததால், பழைய எண்ணெயிலேயே இருந்த ஒரு பகுதியை வைத்து ஒப்பிடவும் வழியில்லை. ஆகவே ஆய்வாளர்கள் இரத்தத்தில் உள்ள கொழுப்பு அமிலங்களையே பிரித்துப் பார்த்தார்கள். பாமாயிலில் மிகுந்துள்ள பால்மிடிக் அமிலம் குறைந்தும், சோயாவில் மிகுந்துள்ள லினோலெயிக் அமிலம் கூடியும் இருந்தன. எண்ணெய்க்கும் கொலஸ்டிராலுக்கும் இடையே உள்ள வழியை அப்படித் தேடியதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த ஐந்து ஆண்டுகளில் நீரிழிவு குறையவில்லை என்பதையும், உடல் பருமன் கூடியது என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

காரணத்தை இப்படித் துருவிப் பார்க்கும் பழக்கம் மருத்துவத்திற்கு எளிதில் வந்துவிடவில்லை. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு இணைக்கும் ஒவ்வொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்களே விரைவில் தேறினார்கள். அப்படியும் ஈரக்காற்று வியர்வைத் துளைகளை அடைப்பதால்தான் அந்நோய் வருகிறது என்ற எண்ணத்தை அவர் விடவில்லை.

பலன் கண்டும் காரணத்தைத் தவறாக எண்ணுவது எங்கள் தீவிலும் நடந்திருக்கிறது. 1866 முதல் 1868 வரை மலேரியா பரவியபோது, போர்ட் லூயிஸில் வசதியுள்ளவர்கள் கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று அஞ்சிக் குளிர்ந்த மேட்டுநிலமான கியூர்பிப்புக்குக் குடிபெயர்ந்ததை எங்கள் பாட்டி தம் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டுச் சொல்வார். அங்கே போனவர்கள் பிழைத்தது உண்மை. ஆனால் காப்பாற்றியது காற்றன்று, அந்தக் குளிரில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு பெருகாததுதான். மேட்டுக்கு ஏறியவர்களுக்கு நோய் குறைந்ததால், கெட்ட காற்றுக் கொள்கை மெய்ப்பிக்கப்பட்டதாகவே தோன்றியிருக்கும்.

1897-இல் செகந்திராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்ட ரொனால்டு ராஸ், 1907-இன் இறுதியில் மொரீஷியஸுக்கு வந்தார். குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர்கள் எத்தனை பேர் என்று ஊர் ஊராக எண்ணவைத்து, எந்தப் பகுதியில் நோய் மிகுதி என்பதைக் கணித்தார். கொசுக்களை அறவே ஒழிக்கத் தேவையில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானாகத் தணியும் என்பதை 1908-ஆம் ஆண்டு அறிக்கையில் கணிதச் சமன்பாடுகளால் காட்டினார்.

1987-இலும் 1992-இலும் இந்தக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டவர்கள் இருந்தால், உங்கள் வீட்டில் ரேஷன் எண்ணெய்தான் புழங்கியதா, வேறு எண்ணெயும் வாங்கினீர்களா என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.