லீவு நெருங்குது, வீட்ல பாடம் ஓட மாட்டேங்குது

கேள்வி: வீட்லயே படிக்கிற பிள்ளைங்க ஆறு பேர், பெரியவளுக்கு 14, கடைக்குட்டிக்கு 3. குளிர்கால லீவு நெருங்க நெருங்க யாரும் புக்கை தொட மாட்டேங்குறாங்க, ஒருத்தன் பேப்பர் ஸ்டார் வெட்டுறான், இன்னொருத்தி பசையை தரையெல்லாம் ஈஷி வச்சிருக்கா, நானும் துணி, சமையல், விருந்தாளிங்கனு ஓடிட்டே இருக்கேன். இப்பவே லீவு விட்டுடலாமா?

பதில் 1: முழுசா விட்டுடாதீங்க. காலைல கணக்கும் வாசிப்பும் மட்டும் போதும், மத்தத ஜனவரில பாத்துக்கலாம்.

பதில் 2: கேக் அளவை டபுள் பண்ண சொல்லுங்க, முக்கால் கப் ரெண்டு தடவைன்னா ஒன்றரை, பின்னம் தானா புரியும். வடகோளத்துல டிசம்பர் 21 அல்லது 22 தான் வருஷத்துலயே குட்டிப் பகல், ஒரு குச்சிய நட்டு தினமும் உச்சி நேரத்து நிழலை அளக்கட்டும், அன்னைக்கு தான் ரொம்ப நீளமா விழும்.

பதில் 3: சின்னவங்க எல்லாரையும் பெரியவ தலைல கட்டிடாதீங்க, அவளுக்கும் லீவு வேணும்ல.