'உயிர் உரம்' இருக்க இன்னொரு சொல் எதற்கு? (பயிர்த்துணை நுண்ணுயிர்)

குழுவினருக்கு வணக்கம்.

புரட்டாசிப் புழுதி விதைப்புக்கு முன் எங்கள் பக்கத்து உழவர்கள் சிலர் சேர்ந்து ஒரு துண்டறிக்கை அச்சடிக்கிறார்கள். கல்லல், திருப்பத்தூர், காரைக்குடி வட்டாரத்தில் வானம் பார்த்து நெல்லும் கடலையும் உளுந்தும் போடுகிறவர்களுக்கானது. ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, சூடோமோனாஸ், வேம் என்னும் வேர்ப்பூஞ்சை, பிபிஎஃப்எம் ஆகிய, பயிருக்கு உதவும் நுண்ணுயிர்களை எப்போது, எப்படி, எவ்வளவு இடுவது என்பதுதான் செய்தி. எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்ல வேண்டிய இடம் வந்தால் கை நின்றுவிடுகிறது.

ஒரு பொதுப்பெயர் வேண்டும் என்று நான் கேட்டதற்கு, 'உயிர் உரம் என்று இருக்கிறதே' என்று போன மடலில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, உறையிலும் அப்படித்தான் அச்சாகிறது. ஆனால் எங்கள் ஊரில் உரம் என்றால் மூட்டை. பிரித்தால் வீச வேண்டும், வீசினால் சில நாளில் பச்சை பிடிக்க வேண்டும். உயிர் உரம் வாங்கியவர் அதையும் டிஏபி ரசாயன உரத்தோடு கலந்து ஒரே வீச்சில் போடுகிறார். இல்லாவிட்டால் வரப்பின்மேல் வெயிலில் வைத்துவிட்டு உழவு பார்க்கப் போகிறார். அப்புறம், 'ஒண்ணும் தெரியலையே, மண்ணப் பொட்டலம் கட்டிக் குடுத்துட்டாங்க' என்கிறார். முன்னால் நிற்கும் 'உயிர்' யார் காதிலும் விழுவதில்லை. பின்னால் வரும் 'உரம்' அதை விழுங்கிவிடுகிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி பொடியாக வரும் ரைசோபியத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும், திரவமானால் ஒரு மில்லிக்கு 10 கோடி. வரப்பில் காய்ந்த பொட்டலத்தில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்?

இன்னொன்று, இவை செய்யும் வேலையில் பாதி உரத்தின் வேலையே அல்ல.

ரைசோபியம் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுக்கிறது, சரி. கடலைச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சைக் கிள்ளிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். (நூற்புழு தாக்கி வரும் முண்டு வேறு. அது வேரே வீங்கியது, கிள்ளினால் தனியாக வராது. இதை மட்டும் படத்தோடு போடச் சொல்லியிருக்கிறேன்.) வேம் பூஞ்சையும் ஊட்டம் கொண்டுவருவதுதான். நம் செம்புறை மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கட்டிப் போட்டுவிடும். அதுவாக நகர்ந்தும் வராது. வேர் எட்டாத தொலைவுக்குப் பூஞ்சை இழை நீட்டி எடுத்துவந்து கொடுக்கிறது, பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது.

அசோஸ்பைரில்லத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. தழைச்சத்தை நிலைநிறுத்துவது என்று பேர். ஆனால் அது சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளால் பக்கவேரும் வேர்த்தூவியும் பெருகுவதே பல இடங்களில் பெரிய பலன். சூடோமோனாஸ் மண்ணிலுள்ள இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நோய்ப் பூஞ்சையைப் பட்டினி போடுகிறது, செடியின் எதிர்ப்பையும் முன்கூட்டியே தட்டி எழுப்புகிறது. எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பாக இருப்பது வறட்சியில் நடப்பது. தண்ணீருக்குத் தவிக்கும் செடிக்குள் எத்திலீன் என்னும் வாயு கூடும். கூடினால் வேர் வளர்வது நிற்கும், இலை முன்னதாகவே பழுத்து உதிரும். எத்திலீனாக மாறுவதற்கு முந்தைய பொருளுக்கு ஏசிசி என்று பெயர். வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்களிடம் ஏசிசியை உடைக்கும் நொதி இருக்கிறது. வேரிலிருந்து கசியும் ஏசிசியை அவை தின்று தழைச்சத்தாக்கிக்கொள்கின்றன. செடிக்குள் எத்திலீன் மட்டுப்படுகிறது. வேர் மேலும் கீழே இறங்குகிறது. கண்மாய் வற்றி மடை அடைபட்ட பிறகு, கதிர் வெளிவராமல் பொதி கட்டி நிற்கும் நெல்லுக்கு அடுத்த மழை வரை தாக்குப்பிடிப்பதுதான் எல்லாம். இந்த வேலையை உரம் என்று எப்படி எழுதுவது?

இனி, வந்த பரிந்துரைகள்.

> உரம் என்பதன் பழைய பொருளே வலிமைதான். உரம் பாய்ந்த உடம்பு என்கிறோமே. இடரைத் தாங்கவைக்கும் நுண்ணுயிருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

படித்ததும் மகிழ்ந்தேன். வகுப்பறையில் இது செல்லும். உரக்கடை வாசலில் அந்தப் பழைய பொருளை மீட்டெடுக்க நம்மால் ஆகாது. 'உயிர் உரம்' என்பதை ஒழிக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இருக்கும் ஒரு சரக்கு வகைக்கு அது பெயர், அப்படியே இருக்கட்டும். எனக்கு வேண்டியது சரக்கின் பெயரல்ல, அந்த உயிரினங்களின் பெயர்.

> பயோஸ்டிமுலன்ட் (பயிர் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்) என்பதை உயிரூக்கி என்று தமிழாக்கி இவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமே?

கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1009 ஒழுங்குமுறையில் அசோடோபாக்டர், ரைசோபியம், அசோஸ்பைரில்லம், வேர்ப்பூஞ்சை ஆகிய உயிருள்ள நான்கும் பயோஸ்டிமுலன்ட் என்ற வகைக்குள் வருகின்றன. இந்தியாவில் 2021-இல் அதே பெயரில் ஒரு வகையைச் சேர்த்தபோது, நுண்ணுயிரைப் பொறுத்தவரை செல் நீக்கிய பொருளைத்தான் உள்ளே விட்டார்கள். கடல்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம் இவையெல்லாம் இங்கே பயோஸ்டிமுலன்ட். உயிரோடு இருக்கும் அசோஸ்பைரில்லம் இல்லை. சூடோமோனாஸும் ட்ரைக்கோடெர்மா பூஞ்சையும் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் வருவது தனிக் கூத்து. அதோடு 'ஊக்கி' என்றாலே எங்கள் பக்கம் பூ உதிராமல் இருக்கத் தெளிக்கும் மருந்து நினைவுக்கு வரும்.

> வேர்த்துணை. சுருக்கமாக, அழகாக இருக்கிறது.

அழகுதான். உலகமும் இந்த வழியில்தான் பெயர் வைத்தது. அறிவியலாளர்களில் ஃபிராங்க் 1885-இல் 'பூஞ்சைவேர்' என்ற பொருளில் பெயர் வைத்தார், ஹில்ட்னர் 1904-இல் வேர்மண்டலம் என்றார், குளோப்பரும் ஷ்ராத்தும் 1978-இல் முள்ளங்கியில் பார்த்ததற்கு 'வேர் பாக்டீரியா' என்று பெயர் சூட்டினார்கள். ஆனால் நம் துண்டறிக்கையில் பிபிஎஃப்எம் இருக்கிறது. அந்த இளஞ்சிவப்பு பாக்டீரியா வாழ்வது பெரும்பாலும் இலைமேல். இலை வெளிவிடும் மெத்தனாலைத் தின்று பிழைப்பது. வறட்சிக்கு அதை 1 விழுக்காட்டுக் கரைசலாக இலையில்தான் தெளிக்கச் சொல்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். வேர் என்று பெயர் வைத்தால் அது வெளியே நிற்கும். அப்புறம், அவசரமாகப் படித்தால் 'வேர்த்து' என்று வியர்வையும் வருகிறது!

> வேர்க்கூட்டாளி. ஐந்தொகை, பேரேடு, அடுத்தாள் என்று வணிகத் தொழிலிலேயே சொல் செய்த நகரத்தார் ஊரிலிருந்து எழுதுகிறீர்கள், கொடுக்கல் வாங்கலும் இருக்கிறது, கூட்டு என்றே சொல்லுங்கள்.

தேவகோட்டை அண்ணன் எழுதியதால் யோசித்தேன். ரைசோபியத்துக்கும் வேம் பூஞ்சைக்கும் சரி, அவை வேருக்கு உள்ளேயே குடியிருந்து பங்கு வாங்குகின்றன. ஆனால் பாஸ்போபாக்டீரியா தன் பாட்டுக்கு அமிலம் சுரந்து மணிச்சத்தைக் கரைக்கிறது. பக்கத்தில் பயிர் இருப்பதால் பயிருக்கும் கிடைக்கிறது. அதைக் கூட்டு என்று சொன்னால் நகரத்தார் கணக்கில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனவே என் பரிந்துரை: பயிர்த்துணை நுண்ணுயிர். வேரில் இருந்தாலும் இலையில் இருந்தாலும், பாக்டீரியாவோ பூஞ்சையோ, ஊட்டம் கொடுத்தாலும் நோய் தடுத்தாலும் வயல் காய்ச்சலைத் தாங்கவைத்தாலும் எல்லாம் அடங்கும். துணை என்பதால் தனியாக இதுவே போதும் என்ற நினைப்பும் வராது. கண்மாய்க் கரம்பை மண் அடிப்பதும் ஆட்டுக் கிடை போடுவதும் தொடரத்தான் வேண்டும். கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: வேர்சார் பயிர்த்துணை, இலைசார் பயிர்த்துணை, பயிர்த்துணைப் பூஞ்சை.

வறட்சி, உப்பு, வெப்பம் மூன்றையும் சேர்த்துச் சொல்ல (ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ்) 'அழுத்தம்' வேண்டாம். 'தகைவு' இயற்பியலில் வேலையாக இருக்கிறது. கட்டுரையில் 'இடர்' என்று எழுதுகிறேன். துண்டறிக்கையில் 'காய்ச்சல்' போதும், காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லிப் பழகியவர்கள்தானே.

---

மறுமொழி (திருச்சியிலிருந்து):

ஒரு தடை. துணைப்பயிர் என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. பயிர்த்துணை என்றதும் பக்கத்தில் நடும் செடி என்று நினைத்துவிட மாட்டார்களா?

---

மறுமொழி (புதுக்கோட்டையிலிருந்து):

எங்கள் ஊரில் யாரும் துணைப்பயிர் என்று பேசி நான் கேட்டதில்லை. ஊடுபயிர், வரப்புப் பயிர் என்பார்கள். அது புத்தகச் சொல். ஆனாலும் தடை நியாயமானது, அதனால் 'நுண்ணுயிர்' என்பதைக் கழற்றக் கூடாது. எனக்கு இருப்பது வேறு சந்தேகம். உளுந்து விதை வாங்க வருகிறவர்கள் வம்பன் என்று ரகப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். இவர்களும் கடையில் அசோஸ், பாஸ்போ என்றுதான் கேட்கப் போகிறார்கள். பொதுப்பெயர் யாருக்கு வேண்டும்?

---

கல்லலிலிருந்து மீண்டும்:

கடையில் பொதுப்பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம், அசோஸ் என்றே கேட்கட்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான எச்சரிக்கையை எழுதும் இடத்தில்தான் பொதுப்பெயர் வேண்டும். வாக்கியத்தை இப்படி அமைத்திருக்கிறேன்:

'பயிர்த்துணை நுண்ணுயிர்கள் உயிருள்ளவை. நிழலில் வையுங்கள். ரசாயன உரத்தோடு கலக்காதீர்கள். பூஞ்சாண மருந்தில் விதை நேர்த்தி செய்திருந்தால் 24 மணி நேரம் கழித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் இவற்றைக் கலந்து விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.'

இதில் முதல் சொல்லை எடுத்துவிட்டு 'உயிர் உரங்கள்' என்று போட்டுப் பாருங்கள். 'உயிர் உரங்கள் உயிருள்ளவை' என்று வரும். 'உரத்தை உரத்தோடு ஏன் கலக்கக் கூடாது' என்ற கேள்வியும் கூடவே வரும்.

அறிக்கையின் தலையில் வழக்கம்போல 'கற்பக விநாயகர் துணை' என்று போடுவார்கள். அதற்கு நேர் கீழே 'பயிர்த்துணை' வந்தால் ஒரே பக்கத்தில் இரண்டு துணை. அச்சகத்தார் ஏற்கெனவே சிரித்துவிட்டார். இருக்கட்டும்.

---

மறுமொழி (தேவகோட்டையிலிருந்து):

தம்பி, கூட்டாளியை விட்டுக்கொடுத்தேன். ஆனால் உங்கள் மடலோடு வந்த அச்சுப்படியில் ஓரிடத்தில் 'பயிர்துணை' என்று இருக்கிறது. ரகர ஒற்றுக்குப் பின் தகரம் மிகும். அச்சகத்தில் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். ஒற்றில்லாமல் ஐந்நூறு படி போய்விட்டால் அப்புறம் அதுவே வழக்காகிவிடும்.