வெறுங்குலைத் தூளைப் போட்டால் வினையூக்கி ஒரே ஓட்டத்தில் செத்துவிடுகிறது, ஏன்?

தோட்டத்துப்பிள்ளை, பெஸ்தாரி ஜெயா

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. செம்பனை வெறுங்குலையிலிருந்து, அதாவது ஆலையில் பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சும் குலையிலிருந்து, லெவுலினிக் அமிலம் எடுப்பது என் வேலை. "எண்ணெயைத்தான் ஆலைக்காரன் எடுத்துவிட்டானே, சக்கையில் உனக்கு என்ன மிச்சம்?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். மிச்சம் செல்லுலோஸ். அதை அமிலம் உடைத்தால் குளுக்கோஸ். குளுக்கோஸ் நீரை இழந்தால் எச்.எம்.எஃப். என்னும் இடைப்பொருள்; அது மறுபடி நீரை வாங்கிக்கொண்டு உடைந்தால் லெவுலினிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும். கரைப்பான், எரிபொருள் சேர்க்கை, பிளாஸ்டிக் என்று பலவற்றுக்கு லெவுலினிக் அமிலம் மூலப்பொருள். 2004இல் அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிட்ட 12 முக்கிய வேதிப்பொருள்களின் பட்டியலிலும் அது உண்டு.

கந்தக அமிலத்தை ஊற்றினால் காரியம் நடக்கும். பிறகு அதைப் பிரிப்பதுதான் தலைவலி. அதனால் சல்போனிக் அமிலத் தொகுதிகள் ஏற்றிய கரித்தூளை வினையூக்கியாகப் பயன்படுத்துகிறேன். வடிகட்டி மறுபடி போடலாம் என்பது கணக்கு. 5 கிராம் தூள், 1 கிராம் வினையூக்கி, 50 மில்லி நீர், 180 டிகிரி, 3 மணி நேரம்.

கடையில் வாங்கிய தூய செல்லுலோஸ் என்றால் மூன்று முறை போட்டாலும் விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை. வெறுங்குலைத் தூளில் முதல் ஓட்டம் சுமார். இரண்டாவதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதில் ஒரு விசித்திரம். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் ஆலையில் ஒரு சாக்கும், மூன்று வாரம் கழித்து அதே ஆலையில் இன்னொரு சாக்கும் எடுத்தேன். முதல் சாக்கில் வினையூக்கி உடனே செத்தது. இரண்டாவது சாக்கில் மூன்று ஓட்டம் தாங்கியது. நான் எடை போட்டதில் பிழை என்கிறார் மேற்பார்வையாளர். மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன், பிழை இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

கரிச்சட்டி, ஈப்போ

தங்கச்சி, எடையை விடுங்கள், சாம்பலைப் பாருங்கள். உலர்ந்த வெறுங்குலையில் பொட்டாசியம் ஏறத்தாழ 2 சதவீதம். 5 கிராமில் 0.1 கிராம், அதாவது சுமார் 2.5 மில்லிமோல். உங்கள் கரித்தூளில் கிராமுக்கு எவ்வளவு அமிலம்? பொதுவாக 1 மில்லிமோல் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். உட்கார இருக்கும் நாற்காலியைவிட இரண்டரை மடங்கு விருந்தாளிகள்! பொட்டாசியம் உள்ளே போய் உட்கார்ந்து ஹைட்ரஜன் அயனியை எழுப்பி வெளியே அனுப்புகிறது.

இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. எழுப்பப்பட்ட அமிலம் முதல் ஓட்டத்தின் நீரிலேயே சுற்றிக்கொண்டு வேலை செய்துவிடும். வினையூக்கி நன்றாக இருக்கிறது என்று நாம் மகிழ்வோம். அதை வடிகட்டி நீரைக் கொட்டும்போது அமிலத்தையும் சேர்த்துத்தான் கொட்டுகிறோம். இரண்டாவது ஓட்டத்தில் கையில் இருப்பது வெறும் கரி. முதல் ஓட்டத்தில் வடித்த நீரின் பி.எச். பார்த்தீர்களா?

செத்த தூளை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி மறுபடி போடுங்கள். உயிர் வந்தால் பொட்டாசியம்தான் குற்றவாளி. வராவிட்டால் ஹியூமின் என்னும் பழுப்புப் பிசின் படிந்திருக்கலாம், அல்லது சல்போனிக் தொகுதிகளே கழன்றிருக்கலாம். எரித்துச் சுத்தம் செய் என்று யாராவது சொன்னால் கேட்டுவிடாதீர்கள். அது சியோலைட் என்னும் கனிம வினையூக்கிக்குச் சொல்லும் வைத்தியம். உங்களிடம் இருப்பதே கரி.

சாக்குக்குச் சாக்கு ஏன் மாறுகிறது என்பதுதான் எனக்கும் புரியவில்லை.

பழைய பாய்லர்காரன், பத்தாங் பெர்ஜுந்தை

(ஊரின் புதுப்பெயர் பெஸ்தாரி ஜெயா என் வாயில் வராது, எனக்குப் பழைய பெயர்தான்; மன்னிக்கவும்.)

உங்கள் வேதியியல் எனக்குத் தெரியாது. 28 ஆண்டுகள் ஆலை பாய்லரில் நின்றவன். நாங்கள் எரித்தது பழத்து நாரும் கொட்டை ஓடும்தான். வெறுங்குலையை நிறையத் தள்ளினால் அதன் சாம்பல் உருகி, கம்பித் தட்டில் கல்லாகப் பிடித்துக்கொள்ளும்; கடப்பாறை கொண்டுதான் பெயர்க்க வேண்டும். அதற்கு முந்தைய காலத்தில் குலையைத் தனிச் சூளையில் எரித்து, சாம்பலைச் செம்பனை மரத்துக்கே உரமாகப் போட்டோம். ஈரக் கையால் அந்தச் சாம்பலை அள்ளினால் சுண்ணாம்புபோல் அரிக்கும். புகை அதிகம் என்று பிறகு சூளையை மூடிவிட்டார்கள். தம்பி ஈப்போ சொல்லும் பொட்டாசியம் அதுதான் போலிருக்கிறது.

மகளே, எனக்கு ஒரே கேள்வி. எந்தச் சாக்கு மழைக்கு முன்னால் எடுத்தது? கதிரடிக்கும் உருளையிலிருந்து வந்து விழும் குலை வேறு, வெளியே குவியலில் இரண்டு வாரம் நனைந்த குலை வேறு. மழை பெய்தால் குவியலின் அடியிலிருந்து கறுப்பாக நீர் வடிந்து வாய்க்காலுக்கு ஓடும். உப்பெல்லாம் அதில்தான் போகிறது. குவியலின் மேலே எடுத்தாயா, அடியிலா என்றும் பார்.

தோட்டத்துப்பிள்ளை, பெஸ்தாரி ஜெயா

ஐயா, குறிப்பேட்டைப் புரட்டினேன். முதல் சாக்கு வெயில் காலத்தில், ஆலையின் கடத்துப்பட்டை வழியே வந்து விழுந்த சூட்டோடு எடுத்தது. இரண்டாவது, தொடர்ந்து நான்கு நாள் மழை பெய்த பிறகு குவியலின் மேலிருந்து. "ஈரம் அதிகம், கூடுதலாக உலர்த்த வேண்டும்" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். மழைதான் காரணமாக இருக்கும் என்று யோசிக்கவே இல்லை!

நேற்று இரவு முதல் சாக்கின் தூளைச் சுடுநீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். வடித்த நீர் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறம். கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துமானியை விட்டால் எண் விர்ரென்று ஏறியது. இரண்டாம் முறை கழுவியபோது பாதிக்கும் கீழே; நான்காவது முறையில் குழாய்த் தண்ணீர் அளவுக்கு இறங்கிவிட்டது. மழை நனைத்த சாக்குக்கு முதல் கழுவலிலேயே எண் குறைவுதான். ஈப்போ அண்ணா, வடித்த நீரின் பி.எச். பார்க்கவே இல்லை; பழைய மாதிரிகள் குளிர்பெட்டியில் இருக்கின்றன, இன்று பார்க்கிறேன். கழுவிய தூள் அடுப்பில் காய்கிறது. திங்கட்கிழமை இரண்டு ஓட்டம் போடுவேன்.

பழைய பாய்லர்காரன், பத்தாங் பெர்ஜுந்தை

அந்தக் கோப்பி நீரைச் சிங்க்கில் கொட்டிவிடாதே. ஆறவைத்து, தண்ணீர் கலந்து அம்மாவிடம் கொடு. வாழைக்கு ஊற்றட்டும்.