‘டிஸ்டல் டேப்பர்’: தமிழில் என்ன?

க. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பண்டைக் கிரேக்க வாள்களை மூலத்துக்கு ஒப்பச் செய்வதற்கான பட்டறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அலகு, பிடி, நடுநரம்பு எல்லாம் அமைந்துவிட்டன. ‘டிஸ்டல் டேப்பர்’ மட்டும் இடறுகிறது. பிடியடி தொடங்கி நுனிவரை அலகின் தடிப்பு சிறுகச் சிறுகக் குறைவதைச் சொல்ல வேண்டும். இப்போதைக்கு ‘நுனி ஒடுக்கம்’ என்று போட்டிருக்கிறேன்.

ந. எழுதியது:

ஒடுக்கம் வேண்டாம் அம்மா. ஒடுக்கமான சந்து என்றால் அகலம் குறைந்த சந்து. இருபுறமும் கூரான நேர்வாளான க்ஸிஃபோஸின் அலகோ பிடிக்கு மேலே இடுங்கி, பிறகு இலைபோல் விரிந்து, அதன்பின்தான் கூராகிறது. ஒருபுறம் மட்டும் கூரான வளைவாள் கோபிஸிலும் முன்பக்கம்தான் அகலம். அகலம் கூடும் இடத்திலும் தடிப்பு குறைந்துகொண்டே போகும். சொல் தடிப்பை மட்டுமே சுட்ட வேண்டும்.

பிரதிகள் பெரும்பாலும் கெடுவது இதில்தான். மேல்வடிவ வரைபடத்தை வைத்துக்கொண்டு 6 மி.மீ. பட்டையை வெட்டி, இருபுறமும் சாணை பிடித்து முடித்துவிடுகிறார்கள். 50 செ.மீ. நீளம், சராசரி 4.5 செ.மீ. அகலம், சாய்சதுரக் குறுக்குவெட்டு என்று வைத்துக்கொண்டால் அலகு மட்டும் ஏறத்தாழ 530 கிராம். அதையே நுனியில் 3 மி.மீ. ஆகுமாறு சீராகக் குறைத்தால் 400 கிராமுக்குள் வரும். இலைவிரிவை விட்டுவிட்டுப் பார்த்தாலும் எடைநடுவம் பிடிப்பக்கம் 3 செ.மீ. அளவுக்கு நகரும். கையில் எடுத்ததுமே வேறுபாடு தெரியும்.

மு. எழுதியது:

‘தேய்வு’ இருக்க வேறு எதற்கு? திங்கள் தேய்வதைப் போல முழுமையிலிருந்து நுதிநோக்கிக் குறைவது. க்ஸிஃபோஸ் என்று ஒற்றில் தொடங்குவதையும் விடுங்கள். ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்ற தொல்காப்பிய விதி கிரேக்கச் சொல்லுக்கும் பொருந்தும். ‘அடல்வாள் யவனர்’ என்று சிலம்பே பேசுகிறது. ‘யவனவாள்’ என்றே எழுதலாம்.

சு. எழுதியது:

ஐயா, மதுரை மதில்வாயில் காத்த யவனர், க்ஸிஃபோஸ் ஏந்திய கிரேக்கக் காலாட்படைக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர்கள். மேலும், குதிரைவீரனுக்கு க்ஸிஃபோஸைவிடக் கோபிஸே ஏற்றது என்று பண்டைக் கிரேக்க எழுத்தாளர் செனஃபோன் பிரித்துச் சொல்கிறார். இரண்டும் யவனவாள்தானே? இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் அந்த வரியைத் தமிழில் எழுதவே முடியாது.

கடைசல் பட்டறையில் யாரைக் கேட்டாலும் ‘டேப்பர்’ என்பார்கள். ‘தடிப்பு டேப்பர்’ என்று போட்டால் எல்லாருக்கும் புரியும்.

மு. எழுதியது:

புரியும் என்பதற்காகத் தமிழ் ஏன் ஒதுங்க வேண்டும்? வேலின் குழைக்குச் சுரை, தண்டுக்குக் காழ், பூட்டுக்கு மடை. ‘சுரை தழீஇய இருங்காழொடு மடைகலங்கி’ என்று ஔவை ஒரே மூச்சில் மூன்று உறுப்பைச் சொல்லிவிடுகிறார். கருவிக்குச் சொல் இல்லாத மொழி அல்ல இது.

ந. எழுதியது:

மடை அருமையான சொல் ஐயா, பிடியாணிக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். தேய்வில்தான் சிக்கல். அகழ்ந்தெடுத்த இரும்பு வாள்களைத் துரு தின்றிருக்கும். இன்று அளக்கும் தடிப்பு அன்றைய தடிப்பு அல்ல. கையேட்டின் அளவுப் பட்டியலில் ‘துருத் தேய்வு’ என்று தனிப் பத்தியே உண்டு. செய்தவன் குறைத்ததையும் மண் குறைத்ததையும் ஒரே சொல்லால் குறித்தால் படிப்பவர் தவறாக அளப்பார்.

வேலைமுறையையும் பாருங்கள். முதலில் நீளவாட்டில் தடிப்பைக் குறைக்க வேண்டும், பிறகுதான் ஓரச்சரிவு. தடிப்பைக் குறைக்க அடிக்கும்போது இரும்பு நீளும்; ஆகவே பட்டை கையில் குறைந்த நீளத்தில் தொடங்க வேண்டும். சரிவை ஒரு விளிம்பில் மட்டும் அடித்தால் அந்த விளிம்பு நீண்டு அலகு எதிர்ப்பக்கம் வளையும். எனவே இரு விளிம்பையும் மாற்றி மாற்றி அடித்து, 10 செ.மீ.க்கு ஒருமுறை வெர்னியர் அளவுகோல் வைத்துத் தடிப்பைப் பார்க்க வேண்டும். மெல்லிய நுனி சீக்கிரம் சூடேறும். கவனிக்காவிட்டால், காய்ச்சிய அலகைக் குளிர்விக்கத் தோய்க்கையில் கோணும், வெடிக்கவும் கூடும். வெண்கலத்தில் கதை வேறு: குறைவை அச்சிலேயே வைத்து வார்த்துவிட வேண்டும், பிறகு விளிம்பை மட்டும் குளிர்நிலையில் தட்டி இறுக்கலாம்.

‘மெலிவு’ எப்படி? ‘நுனைமெலிவு’.

சு. எழுதியது:

மெலிந்த வாள் என்றால் வலுவற்ற வாள் என்று வாசிக்க மாட்டார்களா? ‘கடைமெலிவு’ என்றும் ஒரு எண்ணம் வந்தது, ஆனால் கடைசலோடு குழம்பும்.

க. எழுதியது:

மெலிந்த உடல் என்பதில் முதலில் தெரிவது பருமன் குறைவுதான். முதல் முறை வரும் இடத்தில் ‘நுனைமெலிவு, அதாவது தடிப்பு டேப்பர்’ என்று எழுதி, பிறகு நுனைமெலிவு என்றே தொடர்கிறேன். மூவர் சரி என்கிறார்கள். க்ஸிஃபோஸ் அப்படியே இருக்கும். மடை உள்ளே வந்துவிட்டது. மு. ஐயா பொறுத்தருள வேண்டும்.

மு. எழுதியது:

அச்சுக்குப் போகட்டும் அம்மா. ஆனால் மெலித்தல் என்பது வல்லெழுத்து மெல்லெழுத்தாவது. இரும்புக்கு அது பொருந்தாது. துருவுக்கு ‘அரிப்பு’ என்று பத்தித் தலைப்பை மாற்றியிருந்தால் தேய்வு விடுதலையாகியிருக்கும். அடுத்த பதிப்பில் இதைப் பார்க்கவும்.