நான்கு வயது மகளுக்கு இன்சுலின்: சாப்பாட்டு நேரப் போராட்டத்தைக் குறைப்பது எப்படி?

கேள்வி:
எங்கள் மகளுக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரிந்து சில மாதங்கள் ஆகின்றன. காலையில் ஊசி போட்ட பிறகு ஒரே ஒரு இட்லியைத் தின்றுவிட்டு வாயை இறுக மூடிக்கொள்கிறாள். சர்க்கரை இறங்கிவிடுமே என்ற பயத்தில் நான் கெஞ்சுகிறேன், அதட்டுகிறேன், கடைசியில் கிரீம் பிஸ்கட்டைக் கொடுத்துவிடுகிறேன். அடம்பிடித்தால் பிஸ்கட் கிடைக்கும் என்பது அவளுக்குப் பழகிவிட்டது. ஊசியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாள். இந்த நிலையைக் கடந்து வந்த பெற்றோர் என்ன செய்தீர்கள்?

பதில் 1:
நீங்கள் போடுவது எந்த இன்சுலின் என்பதைப் பொறுத்தது இது. லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் போன்ற விரைவு இன்சுலினைச் சாப்பாட்டுக்குச் சுமார் 15 நிமிடம் முன்பு போடுவதே நல்லது என்றாலும், எவ்வளவு சாப்பிடும் என்று சொல்ல முடியாத சிறு குழந்தைகளுக்கு அளவைப் பிரித்தோ, சாப்பிட்டு முடித்தவுடனோ போட மருத்துவர்கள் அனுமதிப்பதுண்டு. மருத்துவர் சொல்லி எங்கள் மகனுக்கு அப்படி மாற்றிய பிறகு, தட்டில் மிஞ்சும் இட்லிக்காக யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ரெகுலர் இன்சுலின் வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரம் ஆகும் என்பதால் அதற்கு இது பொருந்தாது. மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

பதில் 2:
குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். "ஊசி போடலாமா?" என்று கேட்காதீர்கள், அவள் வேண்டாம் என்றால் உங்களால் விட்டுவிட முடியாது. "இடது தொடையா, வலது தொடையா?" என்று கேட்டு, அவள் சொன்ன இடத்திலேயே போடுங்கள். ஆனால் ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலுக்கடியில் தடித்து, இன்சுலின் சரியாக உடலில் சேராது. ஆகவே மாற்றி மாற்றிப் போட வேண்டிய இடங்களை மட்டும் அவள் முன் வையுங்கள். வலிக்கவே வலிக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள், அடுத்த முறை உங்களை நம்ப மாட்டாள்.

அடம் என்று நாம் நினைப்பது சில நேரம் சர்க்கரை இறங்கியதன் அறிகுறியாகவே இருக்கும். அதட்டுவதற்கு முன் குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுங்கள். 70க்குக் கீழே இருந்தால், அவள் எடைக்கு மருத்துவர் சொன்ன அளவில் குளுக்கோஸோ பழச்சாறோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிஸ்கட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

பதில் 3:
செவிலியர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மீட்டரில் 280 என்று வரும்போது "என்ன தின்றாய்?" என்று கேட்டுவிடாதீர்கள். காய்ச்சல், வளர்ச்சி, முந்தைய ஊசியின் அளவு என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்; குழந்தைக்கோ தான் ஏதோ குற்றம் செய்ததாகத்தான் தோன்றும். "இன்று கொஞ்சம் கூடியிருக்கிறது, அம்மா பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் போதும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.